குவில்ட் பேட்டர்ன்களைப் பகிர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி அமைத்து, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் இன்னொரு துணியும் வைத்துத் தைக்கப்படும் குவில்ட் போர்வைக்கு அமெரிக்காவில் ஏராளமான பேட்டர்ன்கள், அதாவது தைக்கும் முறையை விளக்கும் வழிகாட்டிகள், விற்பனைக்கு உள்ளன. சில பக்கங்களே கொண்ட கோப்புக்கு எதற்குக் காசு என்று கேட்பவர்கள், அந்தப் பக்கங்களுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் கணக்கில் கொள்வதில்லை. எந்த நிறத்தில் எவ்வளவு துணி வேண்டும், எந்த அளவில் வெட்ட வேண்டும், எதை முதலில் இணைக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தைத்துப் பார்த்து, பிறரிடமும் தைக்கக் கொடுத்துப் பிழை திருத்திய பிறகே நல்ல பேட்டர்ன் வெளியாகிறது. அதில் ஓர் எண் தவறினாலும், வாங்கியவரின் துணி வீணாகிவிடும்.

அதிகம் நடக்கும் தவறு, ஒருவர் வாங்கிய பேட்டர்னைத் தையல் வகுப்பிலோ நண்பர் குழுவிலோ அனைவருக்கும் நகலெடுத்துக் கொடுப்பது. இதில் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. தாராள மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் தைக்கும் வகுப்பில் ஒரே பிரதி வாங்கப்பட்டால், அதை உருவாக்கியவருக்கு ஒருவரின் கூலி மட்டுமே போய்ச் சேருகிறது. அச்சிட்ட பேட்டர்னை இரவல் தரலாம், விற்கலாம், பரிசளிக்கலாம். அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது, ஏனென்றால் அந்தத் தாள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகிறதே தவிர, இரண்டாகப் பெருகுவதில்லை. பிடிஎஃப் கோப்பை அனுப்பும்போதோ அனுப்பியவரிடமும் அது இருக்கிறது, பெற்றவரிடமும் இருக்கிறது. வகுப்பு நடத்துபவர், மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிகள் வாங்குவதோ, வடிவமைத்தவரிடம் எழுதி அனுமதி பெறுவதோதான் முறை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதைப் பலர் பேசுவதில்லை. நைன் பேட்ச், லாக் கேபின், ஒஹாயோ ஸ்டார் போன்ற பிளாக்குகள், அதாவது மேல்துணியில் திரும்பத் திரும்ப வரும் சதுர வடிவங்கள், தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை. கால் அங்குலத் தையல் விளிம்போடு, தைத்து முடித்தபின் மூன்று அங்குலம் வரவேண்டிய அரைச்சதுர முக்கோணத்துக்கு மூன்றே முக்கால் அங்குலத்துக்கும் அரைக்கால் அங்குலம் கூடுதலான சதுரத்தை வெட்டி, மூலைக்கு மூலை இரண்டாக்க வேண்டும் என்ற கணக்கும் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு முறையை விளக்கும் நூலுக்குப் பதிப்புரிமை உண்டு, அந்த முறைக்கே கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, கணக்கெழுதும் முறை பற்றிய பேக்கர் எதிர் செல்டன் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே ஒருவர் தம் சொற்களாலும் படங்களாலும் எழுதிய விளக்கம் அவருடையது. ஒஹாயோ ஸ்டார் அவருடையதல்ல. மரபு பிளாக் ஒன்றைத் தைத்தவரைத் திருடி என்று தூற்றுவது, பேட்டர்னைத் திருடுவதற்குச் சற்றும் குறையாத அநீதி என்றே நான் கருதுகிறேன்.

ஆனால் பொதுவான பொருள்களைக் கொண்டு உருவானது என்பதாலேயே ஒரு வடிவம் பொதுச்சொத்து ஆகிவிடாது. போய்சன் எதிர் பேனியன் என்ற வழக்கில், ஆங்கில எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்கித் தைத்த குவில்ட்கள் நகலெடுக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. எழுத்துகள் எவருக்கும் சொந்தமல்ல என்றாலும், அவற்றை அடுக்கிய விதத்திலும் வண்ணத் தேர்விலும் படைத்தவரின் சொந்தப் பங்கு இருக்கிறது என்று கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2001இல், சில போர்வைகள் உரிமையை மீறியவையே என முடிவு செய்தது.

பழையது என்றால் இலவசம் என்பதும் அவசர முடிவு. கான்சஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் 1928 முதல் 1961 வரை குவில்ட் பேட்டர்ன்களை வெளியிட்டது. 1920களில் அச்சானவற்றின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. பிற்காலத்தவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் பரப்பக்கூடாது.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம்பெற்றன. அவற்றைப் பெயரில்லாத நாட்டுப்புறக் கலையாக எண்ணி, பார்த்தபடியே தைத்துத் தம் வடிவமாக விற்பது மிகவும் வருந்தத்தக்கது. அவற்றைத் தைத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் பெயர் உண்டு.

தைத்து முடித்த போர்வையை விற்கலாமா என்பது அடிக்கடி எழும் ஐயம். "விற்பனைக்குத் தைக்கக் கூடாது" என்று பேட்டர்னில் அச்சிட்டிருந்தாலும், மரபான சதுரமும் முக்கோணமும் கொண்ட வடிவத்துக்கு அந்தத் தடை எவ்வளவு செல்லும் என்பது ஐயத்துக்குரியது. பறவையையோ பூங்கொத்தையோ சொந்தமாக வரைந்து, துணியில் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் அப்ளிக் வேலையில் நிலைமை வேறு. அந்த ஓவியம் வரைந்தவருடையது. எந்த வகையாயினும் வடிவமைத்தவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதே நல்லது. போர்வையின் பின்பக்க மூலையில் தைத்தவர் பெயரும் ஆண்டும் எழுதிய சிறு துணியை இணைக்கும் வழக்கம் குவில்ட் தைப்பவர்களிடம் உண்டு. அதில் வடிவமைத்தவர் பெயருக்கும் ஒரு வரி போதும்.