பழைய ஸ்கர்ட்டிங்கை எடுத்ததும் பெயர்ந்த பூச்சைச் சரிசெய்வது எப்படி?

தரையோரம் ஓடும் பழைய ஸ்கர்ட்டிங் டைல்ஸைப் பெயர்த்தால், கூடவே சுவர்ப் பூச்சும் கொஞ்சம் வந்துவிடும். சில இடங்களில் செங்கல்லே தெரியும். “புது டைல்ஸ் ஒட்டும்போது கலவையைக் கூடுதலா வச்சு அடைச்சிடலாம்” என்று வேலைக்கு வருபவர் சொல்லலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். பள்ளத்தில் தடிமனாக அப்பிய கலவை காயும்போது சுருங்கி, டைல்ஸுக்குப் பின்னால் வெற்றிடம் விட்டுவிடும். கட்டில் கால் ஒருமுறை இடித்தாலே டைல்ஸில் விரிசல் விழும், இடுக்கில் எறும்பு குடியேறும். முதலில் பூச்சு, அது இறுகிய பிறகுதான் ஸ்கர்ட்டிங்.

1. தட்டிப் பார்ப்பது

கரணையின் (கொத்தனார் கரண்டி) கைப்பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான பூச்சும் செங்கல்லை விட்டுக் கழன்ற பூச்சும் வேறு வேறு சத்தம் தரும். ‘பொத் பொத்’ என்று வெறுமையாகக் கேட்கும் பகுதி முழுவதையும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், உளியால் எடுத்துவிடுங்கள். மேல் விளிம்பை நேர்கோடாக வெட்டுங்கள். பிளக் பாயிண்ட் பக்கம் போகும்முன் மெயினை அணைத்துவிடுவது நல்லது. ஒயர் பைப் சுவருக்குள் எங்கே இறங்குகிறது என்று வெளியே தெரியாது. கண்ணாடி, கையுறை கட்டாயம்.

2. ஓதம் இருக்கிறதா?

இந்த வேலையில் பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான். தரையோரத்தில் மட்டும் பூச்சு உப்பி, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால், ஈரம் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். பின்பக்கம் குளியலறையா, வெளிச்சுவரில் மண் மேடிட்டுக் கிடக்கிறதா, குழாய் கசிகிறதா என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பூசினால் பூச்சு திரும்பவும் உதிரும். உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

3. கலவை

சிமெண்ட் 1 பங்கு, சலித்த பூச்சு மணல் 4 பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கரணையைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது. அரை மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுத் திரும்பக் குழைத்தால் பலம் போய்விடும். தரையோரத்தில் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) வேண்டாம், வீடு துடைக்கும் ஈரம் அதற்கு ஆகாது.

4. பூசுவது

தூசியைத் துடைத்து, செங்கல்லை நன்றாக நனையுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். மேலே சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) அடித்து, அது காய்வதற்குள் கலவையை அழுத்தி அப்புங்கள். பள்ளம் 15 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரண்டு தடவையாகப் பூசுங்கள்: முதல் பூச்சில் கரணை நுனியால் கீறல் போட்டு, மறுநாள் அடுத்தது. மட்டப்பலகையைப் பழைய பூச்சின்மேல் வைத்து இழுத்தால் பழையதும் புதியதும் ஒரே மட்டத்துக்கு வரும். சுவரோடு சமமாக உட்காரும் ஸ்கர்ட்டிங் வேண்டுமென்றால், டைல்ஸும் பசையும் சேர்ந்த தடிமன் அளவுக்கு, டைல்ஸ் வரும் பட்டையை மட்டும் உள்ளே தள்ளிப் பூசுங்கள்.

டைல்ஸ் மறைக்கும் பகுதியை வழவழவென்று தேய்க்க வேண்டாம், சொரசொரப்பாக இருந்தால்தான் பசை பிடிக்கும். அதே காரணத்துக்காக, அந்த உயரத்துக்குள் பழைய பெயிண்ட், பட்டி இருந்தால் சுரண்டிவிடுங்கள்.

5. தண்ணீர் காட்டுவது

மறுநாளிலிருந்து 7 நாள், காலையும் மாலையும் நனையுங்கள். அப்புறம் காயவிட்டு மறுபடி தட்டிப் பாருங்கள். வெறுமைச் சத்தம் கேட்கும் துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூசினால் போதும்.

புது டைல்ஸ் வாங்கும்முன் ஒட்டுப்போட்ட பட்டையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பூச்சு 5 அங்குலம்வரை பெயர்ந்திருந்தால், 4 அங்குல ஸ்கர்ட்டிங்குக்கு மேல் ஒட்டு தெரியும். பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்க வேண்டிவரும். 6 அங்குலம் வைத்தால் அந்தச் செலவு மிச்சம்.