பழைய ஃபைபர் வள்ளம் வாங்கப் போகிறவர்களுக்கு: பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

பழைய ஃபைபர் வள்ளத்தைப் பார்த்து வாங்க ஏற்ற காலம், கச்சான் எனும் மேற்குக் காற்று ஓங்கி, நெல்லைக் கடற்கரையில் உவரி முதல் கூட்டப்புளி வரை வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும் ஆனி, ஆடி நாள்களே. தண்ணீரில் மிதக்கும் வள்ளத்தைப் பார்த்து விலை பேசுவது, பாதி வள்ளத்தைப் பார்த்து முழு வள்ளத்துக்குப் பணம் கொடுப்பதாகும்.

முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்சுவர்) இல்லாத கரைகளில் அன்றாடம் மணலில் இழுபடும் வள்ளத்துக்கு அடி தேய்வது இயல்பு. ஆனால் தேய்ந்த இடத்தில் கண்ணாடி இழை பஞ்சுபோல் வெளித்தெரிந்தால், அதன் வழியே தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது என்று கொள்ளுங்கள். புதுப் பெயிண்டு அடித்த வள்ளமென்றால் இரண்டு மடங்கு நேரம் செலவிடுங்கள்.

அடுத்து, என்ஜின் மாட்டும் பின்பலகை. நான் ஏமாந்த இடம் இதுதான். வெளியே பளபளக்கும் ஃபைபருக்குள் இருப்பது ஒட்டுப்பலகை. என்ஜினை இறுக்கும் போல்ட்டுத் துளைகளில் பூச்சு விட்டுப்போனால், உள்ளே இறங்கும் உப்புத்தண்ணீர் வெளியேற வழியின்றிப் பலகையை மெல்ல மெல்ல உளுத்துப்போகச் செய்யும், அதே வேளையில் வெளிப்புறம் மாறாமலே இருக்கும். நான் வாங்கிய வள்ளத்தில் மூன்றாம் மாதமே, அலை தாண்டும்போது, என்ஜின் மாட்டிய பின்பலகை வெடிப்பு விட்டது. அதை அறுத்தெடுத்து மாற்ற 40,000 ரூபாய் ஆயிற்று. ஆகவே சுத்தியலின் மரப்பிடியால் பலகை முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் தொப்பென்று அடங்கும். பின்னர் என்ஜினின் அடித்தண்டை ஒருவர் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க, பலகை வளைகிறதா என்று மற்றொருவர் பார்க்க வேண்டும். ஐயம் தீரவில்லையெனில், உரிமையாளரின் இசைவோடு உட்புறத்தில் 4 மில்லிமீட்டர் துளையிட்டுப் பாருங்கள்: உலர்ந்த வெளிர்நிறத் தூள் வந்தால் நலம், ஈரமான கறுத்த தூள் வந்தால் வள்ளத்தை விட்டுவிடுங்கள். துளையை ரெசின் கொண்டு அன்றே அடைத்துவிட வேண்டும். ஈரம் அளக்கும் கருவியை வாங்கச் சொல்வோர் உண்டு. மரப்பிடியும் காதும் போதுமென்பது என் கருத்து.

மிதப்புக்காக அடைத்த நுரை தண்ணீர் குடித்திருந்தால் வள்ளம் கனத்துவிடும். அதே அளவுள்ள பக்கத்து வள்ளத்தைத் தள்ள எத்தனை பேர், இதற்கு எத்தனை பேர் என்று ஒப்பிட்டாலே தெரியும்.

விற்பவர் இயக்குமுன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்குள் ஒருமுறை ஓடிவிட்டது என்று பொருள், ஆகவே ஆறிய என்ஜின் கிளம்புகிறதா என்று பார்க்க மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடுங்கள். கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் (எண்ணெய் கசியாமல் அடைக்கும் வளையம்) வழியே உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 9.9 குதிரைத்திறன் என்ஜினும் வள்ளமும் சேர்ந்த விலையாகப் பேசாமல், இரண்டுக்கும் தனித்தனியே விலை கேட்பதே எனக்குப் பிடித்த வழி.

பதிவுச் சான்றிலுள்ள எண்ணும் வள்ளத்தில் எழுதிய எண்ணும் ஒன்றா என்று பார்த்து, மீன்வளத்துறையில் பெயர் மாற்றம் முடிந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த இடிந்தகரைத் தம்பி ஒருவர், விற்பவர் வள்ளத்தின்மேல் மீன் வியாபாரியிடம் முன்பணக் கடன் வாங்கியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். அந்தக் கடன் எந்தச் சான்றிலும் இராது. விற்பவரையும் வியாபாரியையும் ஒரே இடத்தில் அமர்த்தி, கணக்குத் தீர்ந்ததாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் முதல் நாள் மீனை இறக்கும்போதே அந்த வியாபாரி உங்கள் வள்ளத்தருகே வந்து நிற்பார்.