சின்ன வெற்றியைக் கொண்டாடுவது எப்படி?

பிள்ளை எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளி இறுதித் தேர்வில் நிறைய ஏ எடுத்தால் விருந்து வைக்கிறோம். அம்மா ஒரு மாதம் வாயைக் கட்டி இனிப்புநீர் (நீரிழிவு) அளவைக் குறைத்தால், "சரிம்மா, அப்படியே பாத்துக்குங்க" என்பதோடு சரி. பினாங்கில் பல வீடுகளில் இதைப் பார்க்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால், தினமும் தொடர வேண்டிய காரியத்துக்குத்தான் கொண்டாட்டம் அதிகம் தேவை.

எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைக்கும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் கூடுகிறது. இதை மறுபடியும் செய்யலாம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. 1990களில் நரம்பியல் ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைக் காட்டின. சின்னக் கொண்டாட்டமும் அப்படி ஒரு பலன்தான்.

முதல் படி: இலக்கை முடிக்கக்கூடிய அளவுக்கு வெட்டுங்கள். "உடம்பைக் குறைக்கணும்" என்பதற்கு முடிவே கிடையாது. "இந்த வாரம் மூன்று காலை இளைஞர் பூங்காவில் நடப்பேன்" என்றால் முடிந்ததா இல்லையா என்று தெரியும். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் பாதிவரை ஏறினாலும் கணக்கில் சேரும்.

இரண்டாம் படி: அன்றிரவே எழுதுங்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இரண்டும் வேண்டும். "நடந்தேன்" என்று நிறுத்தாமல், "தூறலிலும் குடை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அதனால் நடந்தேன்" என்று எழுதுங்கள். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் மூன்று நல்ல விஷயங்களைக் காரணத்தோடு எழுதியவர்களிடம் ஆறு மாதம் கழித்தும் மகிழ்ச்சி கூடியிருந்தது.

மூன்றாவதுதான் நமக்குக் கஷ்டம்: ஒருவரிடம் சொல்வது. "வெளியே சொல்லாதே, கண்ணு பட்டுடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஊருக்கே சொல்ல வேண்டாம், ஒருவர் போதும். நல்ல செய்தியைப் பகிர்ந்தால், நடந்த நல்லதற்கும் மேலாக மனம் மகிழ்கிறது என்று உளவியலாளர் ஷெல்லி கேபிள் குழு 2004இல் காட்டியது. கேட்பவர் ஆர்வமாகக் கேட்பது அதில் முக்கியம். ஆகவே, "அப்படியா! எப்படிச் சமாளிச்சே?" என்று கேட்கும் அக்காவையோ நண்பரையோ தேர்ந்தெடுங்கள். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா?" என்பவரிடம் இப்போதைக்கு வேண்டாம். அம்மா தன் இனிப்புநீர் அளவு இறங்கியதைச் சொல்ல வந்தால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நீங்களும் அப்படியே கேளுங்கள்.

கடைசியாகப் பரிசு. இனிப்பைக் குறைத்ததற்கு தே தாரிக் (இனிப்பான பால் தேநீர்) வேண்டாம். லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் மல்லிகை, இன்னொரு வாரம் கர்னி டிரைவில் காற்று வாங்க ஒரு நடை என்று மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரே பரிசு என்றால் மூளை அதை முன்கூட்டியே கணித்துவிடும். வரும்போது டோபமைன் பெரிதாக எழும்பாது.