கத்திரி வெயிலில் சோர்ந்து விழுந்த அணிலுக்கு நீரூட்டும் முறை

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி நாள்களில், வேப்பமரத்தடியில் அணில் ஒன்று கால்களைப் பரப்பித் தரையோடு தரையாகக் கிடப்பதைக் காணலாம். அது சூட்டைத் தணித்துக்கொள்ளும் இயல்பான வழியே. நாம் நெருங்கியதும் ஓடிவிட்டால் கவலையில்லை. ஓடாமல் கிடந்தால், கடிபடாதபடி தடித்த துணியால் மூடி எடுத்து, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து நிழலுக்குக் கொண்டுசெல்லுங்கள். முதுகுத் தோலை மெல்லக் கிள்ளி விடும்போது அது உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால், உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள்.

எலி, அணில் வகைகளெல்லாம் தண்ணீரின்றித் தாங்கும் என்ற எண்ணம் தவறானது. வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி தண்ணீரே குடிக்காமல் உலர்ந்த விதைகளைத் தின்று வாழக்கூடியது என்பது உண்மைதான்; ஆனால் அது எல்லா எலிகளுக்கும் பொருந்தாது. 1 கிராம் மாவுப்பொருள் உடலில் எரியும்போது ஏறத்தாழ 0.56 கிராம் நீரும், 1 கிராம் கொழுப்பு எரியும்போது 1.07 கிராம் நீரும் உண்டாகின்றன. மல்லாட்டை தின்னும் நம் ஊர் எலிக்கும் இந்த வரவு உண்டு. வேறுபாடு செலவில்தான் இருக்கிறது. கங்காரு எலியின் குளிர்ந்த மூக்குப் பாதை, வெளியேறும் மூச்சிலுள்ள ஈரத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது. அதன் சிறுநீரகத்திலுள்ள நீண்ட ஹென்லி வளைவுகள் எனும் நுண்குழாய்கள், மனிதச் சிறுநீரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தியான சிறுநீரை உண்டாக்க உதவுகின்றன; ஆய்வகத்து வெள்ளை எலியால் இரு மடங்கு அளவுக்கே முடியும். போதாக்குறைக்கு, அந்த வெள்ளை எலி வெயில் தாங்காதபோது உமிழ்நீரை மயிரில் பூசித் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதால், இருக்கும் நீரையும் இழக்கிறது.

உடலில் நீர் குறைந்த எலி தீனியையும் குறைத்துக்கொள்ளும். புரதம் செரித்தபின் மிஞ்சும் யூரியாவை வெளியேற்றவும் நீர் வேண்டும் அல்லவா? ஆகவே அணிலுக்கும் முதலில் நீர், பிறகே உணவு.

பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் ஓ.ஆர்.எஸ். தூளைக் கரைத்து, வெதுவெதுப்பாக, ஊசி நீக்கிய 1 மி.லி. சிரிஞ்சால் உதட்டோரம் ஒவ்வொரு சொட்டாக வையுங்கள். அணில் குப்புறப் படுத்த நிலையில் தானே நக்கிக் குடிக்க வேண்டும். வாய்க்குள் பீய்ச்சினால் நீர் நுரையீரலுக்குள் போய் உயிரையே எடுத்துவிடும். பசும்பால் வேண்டாம். நினைவின்றிக் கிடந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். அவர் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவார்.

தேறியதும் எடுத்த இடத்திலேயே, வெயில் தாழ்ந்தபின் விடுங்கள். அருகே அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்து, குட்டிகள் தவறி விழுந்தாலும் ஏறிவர நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள்.