கார், வீட்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறீர்களா? இதைப் பாருங்கள்

பிரிட்டனில் இருப்பவர்களுக்கான குறிப்பு இது. கார் அல்லது வீட்டு இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தால், தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஓரமாக வைக்காதீர்கள். போன வருடப் பிரீமியமும் அதில் இருக்க வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து இது விதி. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2022 ஜனவரி 1 முதல் இன்னொரு விதியும் உண்டு. அதே பாலிசியை அதே வழியில் (இணையம், போன் போன்றவை) புதிதாக வாங்குபவரிடம் கேட்கும் விலையைவிடப் பழைய வாடிக்கையாளரிடம் அதிகம் கேட்கக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் பிரீமியமே ஏறாது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கட்டுப்பாடு ஒரே நிறுவனத்துக்குள்தான். வேறு நிறுவனத்தில் இன்னும் குறைவாகக் கிடைக்கலாம்.

ஒப்பிடும்போது எக்ஸஸ் தொகையைக் கட்டாயம் கவனியுங்கள். கிளெய்ம் செய்தால் நம் கையிலிருந்து போகும் பணம் அது. பிரீமியம் 50 பவுண்ட் குறைந்து, எக்ஸஸ் 250லிருந்து 500 ஆகியிருந்தால் லாபமா என்று யோசியுங்கள்.

அப்புறம், தானாகப் புதுப்பிக்கும் வசதி வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்லலாம். அதற்கு எளிய வழி தருவது நிறுவனத்தின் கடமை. நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 8 வாரத்தில் முடிவான பதில் வராவிட்டால் நிதி ஆம்புட்ஸ்மனிடம் (நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு) போகலாம், கட்டணம் கிடையாது.