விரலுக்குள் மூச்சு சொல்லும் துப்பட்டா: தைப்பது எப்படி?

குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒரு கல்யாண வீடு. பந்திக்கு நிற்கும்போது யாரோ ஒரு மாமி, "என்ன மக்ளே, வேலை கெடச்சா?" என்று ஆரம்பிக்கிறார். கூட்டத்தைக் கண்டாலே பதறுகிறவர்களுக்கு அப்போது விரல் தானாகப் போய்த் துப்பட்டா நுனியைத் திருகும். நம் வேலை அந்த நுனியில்தான். அழுத்தினால், நிதானமாக மூச்சு விடும் தாளத்தில் அது மெல்ல அதிரும். வெளியே யாருக்கும் தெரியாது.

தெரியக் கூடாது என்பதுதான் முக்கியம். டச்சு வடிவமைப்பாளர் அனூக் விப்ரெக்ட் 2015-இல் காட்டிய சிலந்தி உடை, யாராவது நெருங்கினால் தோளிலிருந்து கால்களை விரிக்கும். பிரமாதமான வேலைதான். அதை மாட்டிக்கொண்டு நம்மூர் மண்டபத்துக்குள் போனால் செல்ஃபி எடுக்கவே ஊர் கூடிவிடும்! வியர்வையை வைத்துப் பதற்றத்தை அளக்கும் சென்சாரும் வேண்டாம். இங்குள்ள புழுக்கத்தில் சும்மா உட்கார்ந்தாலே வியர்க்கும்.

வாங்க வேண்டியவை: லில்லிபேட் யுஎஸ்பி ஆர்டுயினோ (துணியில் தைக்கும் சின்னக் கணினி போர்டு), போனில் இருப்பது போன்ற 3 வோல்ட் வட்ட மோட்டார், 2என்2222 டிரான்சிஸ்டர் (மோட்டாருக்கான மின் சுவிட்ச்; கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று மூன்று கால்), 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 1என்4148 டயோடு, மெல்லிய வயர், சின்ன 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி, மின்சாரம் கடத்தும் ஸ்டீல் நூல். வெள்ளி பூசிய நூல் வேண்டாம். குளச்சல் பக்கத்துக் கடல்காற்றுக்குக் கறுத்துப்போகும்.

முதலில் பட்டன். துப்பட்டா நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மடிப்பு எடுங்கள். அதன் இரண்டு உட்பக்கத்திலும், எதிரெதிராக, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஸ்டீல் நூலால் நெருக்கமாகத் தையுங்கள். நடுவே ஓட்டை போட்ட மெல்லிய ஸ்பாஞ்ச் வையுங்கள். அழுத்தினால் மட்டும் ஓட்டை வழியே இரண்டும் தொடும். ஒரு நூல் போர்டில் 2 என்று எண்ணிட்ட இணைப்புத் துளைக்கு (பின் 2), மற்றது கிரவுண்டுக்கு (மைனஸ்). போகும் வழியில் இரண்டும் உரசக் கூடாது.

அடுத்து, அதே நுனியில் அதிரும் மோட்டார். இதற்கு வயர்தான், நூலின் மின்தடையில் மோட்டார் சோர்ந்துவிடும். போர்டின் பிளஸ்ஸிலிருந்து மோட்டார், அங்கிருந்து டிரான்சிஸ்டரின் கலெக்டர். எமிட்டர் கிரவுண்டுக்கு. பேஸ் ரெசிஸ்டர் வழியாகப் பின் 9-க்கு. டயோடு மோட்டாருக்குக் குறுக்கே, கோடு உள்ள முனை பிளஸ் பக்கம். போர்டும் பேட்டரியும் தோளில் பின் குத்தும் இடத்துக்கு அருகே ஒரு சின்னப் பைக்குள் இருக்கட்டும், கனம் தெரியாது. ஆனால் சேஃப்டி பின் பேட்டரியில் பட்டுவிடவே கூடாது. ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம்.

புரோகிராம் சின்னதுதான். பின் 2-ஐ இன்புட் புல்அப்பாக (அழுத்தாதபோது ஹை, அழுத்தினால் லோ) வையுங்கள். அழுத்தியதும் மோட்டாரை ஓட்டும் பின் 9-இன் அளவை (0 முதல் 255 வரை வைக்கலாம்) 4 விநாடியில் 80-இலிருந்து 200-க்கு ஏற்றி, 6 விநாடியில் இறக்குங்கள். 80-இல் மோட்டார் சுழலாவிட்டால் கொஞ்சம் கூட்டுங்கள். ஏறும்போது மூச்சை இழுக்க வேண்டும், இறங்கும்போது விட வேண்டும். நிமிடத்துக்கு 6 மூச்சு. 6 சுற்று முடிந்ததும் நின்றுவிடட்டும்.

இது சிகிச்சை இல்லை, சரியா? பதற்றத்தால் வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

கல்யாண வீட்டு மேளத்தில் மோட்டார் சத்தம் கேட்காது. சர்ச்சில் ஜெப நேரத்தில் 'உர்ர்' என்று கேட்கும், அதனால் மோட்டாரை ஃபிளானல் துணியில் இரண்டு சுற்று சுற்றித் தையுங்கள். தோள்பையை டிச் பட்டனால் மாட்டி, அங்கே வரும் நூலையும் வயரையும் கழற்றும்படி வைத்தால், துவைக்கும் முன் போர்டையும் பேட்டரியையும் எடுத்துவிடலாம். மோட்டாரையும் அப்படியே ஒரு சின்ன உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.