தேர்தல் முடிவை மறுநாள் காலை படிப்பது எப்படி?

ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் பல தேர்தல்களுக்கு இரவுப் பணி பார்த்தவன் நான். முடிவு வரும் நாளில் மேஜைக்கு முதலில் வருவது யாருக்கு எத்தனை இடம் என்பதுதான். தலைப்பும் அதை வைத்தே போகும். அச்சுக்கு நேரமாகிவிடும், வேறு வழியில்லை. ஆனால் அதே முடிவை மறுநாள் சாவகாசமாகப் படித்தால் வேறு கதை தெரியும். அதற்கு வேண்டியது ஒரு காகிதம், ஒரு கால்குலேட்டர், அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ முடிவுப் பட்டியல். கட்சிப் பற்று இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களைத் தொடும் முன் எண்ணும் விதி என்ன என்று பாருங்கள். இந்தியா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார். பாதிக்கு மேல் வாங்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு, வேட்பாளருக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று. நாடாளுமன்றத்தில் கட்சிகளின் பலத்தை முடிவு செய்வது இரண்டாவது ஓட்டு. இது தெரியாமல் ஒரு நாட்டு முடிவை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பேசுவது வீண் வேலை.

சரி, இப்போது காகிதத்தில் மூன்று பத்திகள் போடுங்கள்: மொத்த ஓட்டு, சதவீதம், இடங்கள். இந்தத் தேர்தலை மட்டும் எழுதினால் போதாது, முந்தைய இரண்டையும் எழுதுங்கள். நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது பிரிட்டனின் 2024 தேர்தலை. மொத்தமுள்ள 650 இடங்களில் தொழிற்கட்சிக்கு 411 கிடைத்தன. 'மாபெரும் வெற்றி' என்று எந்தப் பத்திரிகையும் போடும், நானும் போட்டிருப்பேன். மற்ற பத்திகளைப் பாருங்கள். 2017இல் அக்கட்சி வாங்கியது சுமார் 1 கோடியே 28 லட்சம் ஓட்டு, 262 இடம், தோல்வி. 2019இல் சுமார் 1 கோடியே 2 லட்சம் ஓட்டு, 202 இடம், படுதோல்வி. 2024இல் சுமார் 97 லட்சம் ஓட்டுதான். ஆமாம், படுதோல்வி அடைந்தபோது வாங்கியதைவிடக் குறைவு. அதற்கு 411 இடம்!

இங்கேதான் பேனாவைக் கீழே வைக்காமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும். ஜெயித்த கட்சியின் ஓட்டு கூடவில்லை என்றால் தோற்ற கட்சிக்கு என்ன ஆனது? பழமைவாதக் கட்சி 2019இல் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் ஓட்டு வாங்கியிருந்தது. 2024இல் அது 68 லட்சமாகச் சரிந்தது. இன்னொரு வலதுசாரிக் கட்சியான ரிஃபார்ம் 41 லட்சம் ஓட்டு வாங்கியது. பல தொகுதிகளில் வலதுசாரி ஓட்டு இந்த இரண்டு கட்சிகளுக்கும் பிரிந்து, வேறொரு கட்சி ஜெயிக்க வழி விட்டுவிட்டது. அந்த 41 லட்சத்துக்கு ரிஃபார்முக்குக் கிடைத்த இடம் 5. சுமார் 35 லட்சம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72. முன்னது நாடு முழுக்கப் பரவிக் கிடந்த ஓட்டு. பின்னது குறிப்பிட்ட தொகுதிகளில் குவிந்த ஓட்டு.

அப்புறம், வராதவர்களையும் கணக்கில் சேருங்கள். அதே தேர்தலில் வாக்குப்பதிவு சுமார் 60 சதவீதம். தொழிற்கட்சி பெற்றது அதில் 33.7 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்தான் அக்கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்று வரும். ஓட்டுப் போடுவது 1924 முதல் கட்டாயமாக உள்ள ஆஸ்திரேலியாவில் இந்தக் கணக்கு இவ்வளவு மெலியாது. பட்டியலிலேயே இடம் பெற முடியாதவர்கள் தனி. சுவிட்சர்லாந்தில் வசிப்பவர்களில் கால்வாசிக்கும் மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள். நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. நியூசிலாந்திலோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவரும் ஓட்டுப் போடலாம். சதவீதம் என்று யார் சொன்னாலும் எதில் சதவீதம் என்று கேளுங்கள்.

இடமே கிடைக்காத ஓட்டுகளைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நாட்டளவில் 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஓட்டில் மூன்றாம் இடம். தொகுதி ஒன்றுகூட இல்லை. அதைவிடக் குறைவாக, 3.3 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 37 தொகுதி. ஓட்டு விகிதப்படி இடங்களைப் பிரிக்கும் விகிதாச்சார முறையிலும் இது நடக்கும், குறைந்தபட்ச வரம்பு வழியாக; அதைத் தாண்டாத கட்சிக்கு இடமே கிடையாது. 2002இல் துருக்கியில் அந்த வரம்பு 10 சதவீதம். இரண்டே கட்சிகள்தான் அதைத் தாண்டின. மூன்றில் ஒரு பங்கு ஓட்டு பெற்ற கட்சிக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடங்கள் போயின. இப்படி இடமே கிடைக்காத கட்சிகளின் வாக்காளர்கள் எங்கே போனார்கள் என்று அடுத்த ஐந்தாண்டு அரசியலில் தேடிப் பாருங்கள், பல விஷயம் புரியும்.

வெற்றி வித்தியாசத்தைப் பார்க்கும்போது மொத்தத்தைப் பார்க்காதீர்கள், முடிவைத் தீர்மானித்த இடத்தைப் பாருங்கள். 2020 அமெரிக்கத் தேர்தலில் பைடன் நாட்டளவில் 70 லட்சம் ஓட்டு முன்னால் இருந்தார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் அவருடைய முன்னிலையைக் கூட்டினால் சுமார் 43,000தான். அந்த மூன்று மாநிலங்களும் கைமாறியிருந்தால் மாநிலவாரியாகத் தேர்வாகி அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வர் குழுவில் 269க்கு 269 என்று சமநிலை வந்திருக்கும். அங்கே கட்சிகள் ஏன் ஏழெட்டு மாநிலங்களிலேயே சுற்றிச் சுற்றி வருகின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும். ஒன்று கூட்டணி: ஒரு கட்சி சென்ற முறை எல்லாத் தொகுதியிலும் நின்று, இந்த முறை பாதியைத் தோழமைக் கட்சிகளுக்குக் கொடுத்திருந்தால் அதன் சதவீதம் தானாகவே இறங்கும். போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் எவ்வளவு வாங்கியது என்று பாருங்கள். மற்றொன்று தொகுதி மறுவரையறை: எல்லை மாறியிருந்தால் பழைய தொகுதி எண்ணை நேரடியாக ஒப்பிட முடியாது. பிரிட்டனில் 2024க்கு முன் அப்படித்தான் மாற்றினார்கள். அதனால் அங்கே நாட்டளவு எண்களை ஒப்பிடலாம், தனித்தனித் தொகுதியை அல்ல. இடைத்தேர்தலுக்கு இந்தக் காகிதத்தை எடுக்கவே வேண்டாம். வாக்குப்பதிவு, வேட்பாளர், பிரசாரச் செலவு எல்லாமே அங்கே வேறு.